வீட்டுக்கு மடிப்பு ட்ரெட்மில் வாங்குமுன்: அளக்க வேண்டியவை, கேட்க வேண்டியவை, கையில் வாங்க வேண்டிய காகிதங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வேளச்சேரியில் எங்கள் தெருவில் காலை நடை நின்றுபோகும். தண்ணீர் வடிந்த பிறகும் சேறு, குழி, நாய்கள். அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. ஒரு வாரம் நடக்காவிட்டால் வெறும் வயிற்று அளவு ஏறிவிடும். அதற்காகத்தான் ட்ரெட்மில் வாங்கினோம். முதலில் வாங்கியதன் விலை 24,000 ரூபாய். இரண்டே மாதத்தில் அதை 11,000 ரூபாய்க்கு விற்றோம். அதில் பழுது எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்கும் எங்கள் உயரத்துக்கும் அது பொருந்தவில்லை, அது தெரியவந்தபோது திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருந்தது.

அடுத்ததை வாங்க ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். 25,000 முதல் 50,000 ரூபாய்க்குள் வாங்க நினைப்பவர்களுக்காக, அந்த ஐந்து வாரத்தில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். இயந்திரத்தைப் பார்ப்பது நான்காவது படியில்தான் தொடங்குகிறது.

1. யார் நடக்கப்போகிறார்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் வீட்டில் பயன்படுத்தப்போகும் ஒவ்வொருவரின் எடை, உயரம், நடையா ஓட்டமா, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். இந்தத் தாள்தான் பிறகு விற்பனையாளரின் பேச்சுக்கு உங்கள் பதில்.

எடையில் அதிகமானவரை வைத்தே கணக்குப் போட வேண்டும். பெட்டியில் "அதிகபட்சம் 100 கிலோ" என்று இருந்தால் அது 100 கிலோ ஆள் தினமும் நடக்கலாம் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல. 15 முதல் 20 கிலோ இடைவெளி விடுங்கள். 85 கிலோ ஆளுக்கு 100 அல்லது 110 கிலோ எழுதிய இயந்திரம் சரி.

இதய நோய், மூட்டு அறுவை, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று: கால் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வெறுங்காலில் ட்ரெட்மில்லின் ஓடும் பட்டையில் ஏறவே கூடாது. நல்ல ஷூவுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

2. வீட்டை அளவுநாடாவால் அளந்துவிடுங்கள்

எங்கள் முதல் தவறு இங்கேதான். "மடித்தால் கதவுக்குப் பின்னால் நிற்கும்" என்ற வாக்கியத்தை நம்பினோம். மடித்த நிலையில் நின்றதுதான். விரித்த நிலையில் நடப்பதற்கு இடமில்லை.

விரித்த ட்ரெட்மில் ஏறத்தாழ 150 முதல் 175 செ.மீ. நீளம், 70 முதல் 80 செ.மீ. அகலம் இருக்கும். அதற்குமேல் பின்பக்கம் 2 மீட்டர் காலியிடம் வேண்டும், இருபுறமும் அரை மீட்டர். பின்னால் கட்டிலோ சுவரோ இருந்தால், தடுமாறி விழுபவரை ஓடும் பட்டை அதோடு சேர்த்து அழுத்திவிடும். தோல் உரிந்து காயமாகும். ஆகவே இந்த 2 மீட்டரில் சமரசம் வேண்டாம். ஹாலில் இடமில்லாவிட்டால், பின்பக்கம் கதவு வாசலை நோக்கி இருக்குமாறு அறையில் போட்டு, நடக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். அந்த வழியில் யாரும் வராதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அடுத்தது உயரம். நம் வீடுகளில் பரண் பெரும்பாலும் 7 அடியில், அதாவது 213 செ.மீ. உயரத்தில் இருக்கும். ட்ரெட்மில் பலகையே தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. மேலே இருக்கிறது. 180 செ.மீ. உயரமுள்ள என் தம்பி 18 செ.மீ. பலகையில் நின்றால் 198. ஓடும்போது எழும்புவதற்கு 10 செ.மீ. சேர்த்தால் 208. பரணின் விளிம்புக்கும் தலைக்கும் இடையில் 5 செ.மீ. மிஞ்சும். ஏற்றம் வைத்தால் அதுவும் போய்விடும்: 15 சதவீத ஏற்றம் என்றால் 120 செ.மீ. நீளத்துக்கு முன்பக்கம் சுமார் 18 செ.மீ. உயரும். ஆகவே பரணுக்கு அடியில் மடித்து நிறுத்தலாம், நடக்கக் கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

பிறகு வழி. பெட்டியோடு 55 முதல் 75 கிலோ வரை வரும். மாடிப்படி திரும்பும் இடம், படுக்கையறைக் கதவின் அகலம், லிஃப்ட் இருந்தால் அதன் உட்புற ஆழம் ஆகிய மூன்றையும் அளந்து, பெட்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் அளவை விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டால் சொல்வார்.

பால்கனியில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாரல் போதும், கட்டுப்பாட்டுப் பலகை கெட்டுவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதியில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் உருளைகளும் திருகுகளும் துருவேறும். வீட்டுக்குள் இருந்தாலும் உறை போட்டு வையுங்கள்.

3. பிளக் பாயின்டைப் பாருங்கள்

சுவரில் இருக்கும் சிறிய பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட் மட்டுமே. ஏ.சி., கீசர் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் 3,680 வாட் வரை தாங்கும். ட்ரெட்மில்லுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். பட்டை உராய்வதால் நிலைமின்சாரம் சேரும். எர்த் இல்லாத வீட்டில் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும், கட்டுப்பாட்டுப் பலகையும் பாதிக்கப்படும்.

இயந்திரம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் புதிய பாயின்ட், கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் ஆனது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகக் கூடாது. இன்வர்ட்டர் இணைப்பிலும் கூடாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியென்றால் ஸ்டெபிலைசர் தேவையா, எத்தனை கே.வி.ஏ. என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு கட்டுப்பாட்டுப் பலகை எரிந்தால் "ஸ்டெபிலைசர் போடவில்லை" என்பதுதான் உத்தரவாதத்தை மறுக்க முதலில் சொல்லப்படும் காரணம்.

மின்கட்டணம் பெரிய தொகை அல்ல. நடைக்கு 600 வாட் என்று வைத்தால் அரை மணி நேரத்துக்கு 0.3 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் ஒருவருக்கு 18 யூனிட், இருவருக்கு 36. ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடு என்றால் மட்டும் கவனம் தேவை, அதைத் தாண்டினால் கட்டண விகிதம் மாறிவிடும்.

4. மோட்டார்: பெரிய எழுத்தில் இருப்பதை விடுத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள்

விளம்பரத்தில் "4 எச்.பி.", "5 எச்.பி." (எச்.பி. என்பது குதிரைத்திறன்) என்று பெரிதாக இருக்கும். அருகில் சிறிய எழுத்தில் "பீக்" என்று இருக்கும். மோட்டார் ஒரு கணம் தொடும் உச்சம் அது. அரை மணி நேரம் நடக்கும்போது கிடைப்பது "கன்டின்யுவஸ்" என்று குறிக்கப்படும் தொடர்த்திறன். பல இயந்திரங்களில் இது பீக் எண்ணின் பாதிதான்.

சோதிக்க எளிய கணக்கு உண்டு. ஒரு எச்.பி. என்பது 746 வாட். 5 எச்.பி. என்றால் 3,730 வாட். 16 ஆம்பியர் பாயின்ட்டே 3,680 வாட்தான் தரும். அப்படியானால் அந்த 5 எச்.பி. உங்கள் வீட்டில் தொடர்ந்து ஓட வழியே இல்லை. இயந்திரத்தின் முன்பக்கம், மோட்டார் மூடியின் கீழே ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எத்தனை வாட் என்று இருக்கிறதோ அதை 746 ஆல் வகுங்கள். 1,500 வாட் என்றால் இரண்டு எச்.பி. அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்த இரண்டு விற்பனையாளர்களை நான் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

நடை மட்டும், 80 கிலோவுக்குள் என்றால் தொடர்த்திறன் 1.5 முதல் 2 எச்.பி. போதும். மெல்லோட்டம் உண்டென்றால் 2 முதல் 2.5. வீட்டில் 90 கிலோவுக்கு மேற்பட்டவர் இருந்தால் 2.5க்குக் குறையாதீர்கள்.

"மெதுவாகத்தானே நடக்கப்போகிறோம், சின்ன மோட்டார் போதும்" என்று பலரும் சொல்வார்கள். எடை அதிகமான ஒருவர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடப்பது டி.சி. மோட்டாருக்குக் கடினமான வேலை. குறைந்த சுழற்சியில் அதிக இழுவை கொடுக்க வேண்டும், மின்னோட்டம் கூடும், அதனோடு சுழலும் குளிர்விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு தணியாது. வயதானவர்களுக்காக வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

5. பட்டையின் அளவு: கால் வைக்கும் இடத்தை மட்டும் கேளுங்கள்

எங்கள் முதல் இயந்திரத்தின் பட்டை 100 செ.மீ. நீளம். அப்பா சற்று எட்டி வைத்தால் குதிகால் பின் உருளையில் பட்டது. பயந்து அடியைச் சுருக்கினார், அடியைச் சுருக்கியதால் முழங்கால் வலித்தது. நடப்பதையே நிறுத்திவிட்டார். 13,000 ரூபாய் நஷ்டமானது இந்த ஓர் எண்ணால்தான்.

170 செ.மீ. உயரத்துக்குள் இருப்பவர் நடக்க மட்டும் என்றால் 115 செ.மீ. நீளம், 42 செ.மீ. அகலம். மெல்லோட்டத்துக்கு 125 முதல் 130 நீளம், 45 அகலம். 175க்கு மேல் உயரமுள்ளவர் ஓட வேண்டுமென்றால் 135 முதல் 140 தேடுங்கள், அது இந்த விலைக்குள் அரிது. சிலர் இருபுறப் பாதப்படிகளையும் சேர்த்து அகலம் சொல்வார்கள், சிலர் முழுச் சட்டத்தின் நீளத்தைச் சொல்வார்கள். "கால் வைக்கும் கறுப்புப் பட்டை மட்டும், மேலே தெரியும் பகுதி" என்று தெளிவாகக் கேளுங்கள்.

6. மடிப்பை நீங்களே மடித்துப் பாருங்கள்

பலகையைத் தூக்கி நிறுத்தும் வகைக்கு ஹைட்ராலிக் தண்டு இருக்க வேண்டும். தண்டு இல்லாததில் இறக்கும்போது 30 கிலோவுக்குக் குறையாத பலகை கையிலிருந்து நழுவும். வீட்டில் அதிகமாகப் பயன்படுத்துபவர் யாரோ அவர் கையால் மடிக்கச் சொல்லுங்கள். தூக்கிய பிறகு பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும், ஆட்டினால் அசையக் கூடாது. சக்கரங்கள் இரண்டா நான்கா, டைல்ஸில் உருள்கிறதா என்று பாருங்கள். இரண்டு சக்கர வகையை வயதானவர் தனியாக நகர்த்த முடியாது.

கைப்பிடியும் சேர்ந்து தட்டையாக மடிந்து கட்டிலுக்கு அடியில் போகும் மெல்லிய வகையும் உண்டு. மெதுநடைக்கு அது சரி. பிடிமானம் தேவைப்படும் முதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

7. ஏற்றம், திரை, பாட்டு

கையால் மாற்றும் மூன்று நிலை ஏற்றம் போதும். பட்டனில் ஏறும் ஏற்றம் வசதிதான், முழங்கால் நன்றாக இருப்பவருக்குப் பயன்படும். புளூடூத், செயலி, ஒலிபெருக்கி இவற்றுக்கு 3,000, 4,000 கூடுதலாகக் கொடுப்பதற்குப் பதில் அந்தப் பணத்தைப் பட்டை நீளத்தில் போடுங்கள்.

8. ஒரு முறையாவது ஏறி நடந்து பாருங்கள்

இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும், அதே மாதிரியோ அதே அளவோ இருக்கும் கடைக்கு ஷூவோடு போங்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் நடங்கள். ஒரு நிமிடம் போதாது, குறைகள் ஐந்தாம் நிமிடத்துக்குப் பிறகே தெரியும். கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் பட்டை கணநேரம் தயங்கினால் மோட்டார் திணறுகிறது, அல்லது பட்டை தளர்ந்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அது ஆடுகிறதா பாருங்கள். சட்டையில் மாட்டும் பாதுகாப்புச் சாவியை நடக்கும்போது ஒருமுறை இழுத்துவிடுங்கள், பட்டை உடனே நிற்க வேண்டும். பிளக்கை அணைத்து மறுபடி போடச் சொல்லுங்கள். மின்சாரம் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் இயந்திரத்தை வாங்காதீர்கள்.

9. உத்தரவாதம்: ஐந்து கேள்விகள், பதில் எழுத்தில்

"மோட்டாருக்கு வாழ்நாள் உத்தரவாதம்" என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அடிக்கடி கெடுவது கட்டுப்பாட்டுப் பலகை, தேய்வது பட்டை. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இவற்றைக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்:

கட்டுப்பாட்டுப் பலகைக்கும் திரைக்கும் எத்தனை ஆண்டு?
பட்டையும் அதன் அடியில் உள்ள பலகையும் உத்தரவாதத்தில் உண்டா?
என் பின்கோடுக்கு டெக்னீஷியன் வருவாரா, முதல் ஆண்டில் வருகைக் கட்டணம் உண்டா?
உத்தரவாதத்துக்குப் பிறகு பட்டை மாற்ற இன்றைய விலை என்ன?
பொருத்துபவர் நேரில் வருவாரா, வீடியோ அழைப்பில் நாமே பொருத்த வேண்டுமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். தஞ்சாவூரில் இருக்கும் என் அத்தைக்கு ஒரு நிறுவனம் "சென்னையிலிருந்து ஆள் வரும்போது சொல்கிறோம்" என்றது. உங்கள் ஊரில் ஆள் இல்லாத நிறுவனத்திடம் 5,000 ரூபாய் குறைவென்றாலும் வாங்காதீர்கள். அடுக்ககத்தின் பொது உடற்பயிற்சி அறையில் வைப்பதாக இருந்தால், வீட்டு உபயோக உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது என்பதையும் கவனியுங்கள்.

10. மொத்தச் செலவு

எங்கள் இரண்டாவது இயந்திரத்தின் கணக்கு: இயந்திரம் 38,500. ரப்பர் விரிப்பு 1,600. மின் பாயின்ட் 2,200. இரண்டாவது மாடிக்குத் தூக்கிய கூலி 800. சிலிக்கோன் எண்ணெய் 350. ஆக 43,450 ரூபாய். கையில் 40,000 இருந்தால் 35,000 ரூபாய் இயந்திரத்தைப் பாருங்கள். விரிப்பைத் தவிர்க்காதீர்கள், கீழ்வீட்டாருக்கு ஒவ்வொரு அடியும் இடியாகக் கேட்கும்.

வட்டியில்லாத் தவணை என்பதில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அதே அளவு தொகை விலையில் கழிக்கப்படுகிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழும். அந்தக் கழிவு பட்டியலில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். கோடு அடித்துக் காட்டும் பழைய விலையை வைத்து லாபம் கணக்கிட வேண்டாம். மூன்று வாரம் அதே மாதிரியின் விலையைத் தேதியோடு குறித்து வந்தாலே உண்மையான விலை தெரிந்துவிடும். தீபாவளி, புத்தாண்டுத் தள்ளுபடியில் வாங்கினால், பொருத்துபவர் வரத் தாமதமாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

11. நாட்கணக்கு: திருப்பும் கெடு எப்போது தொடங்குகிறது?

எங்களை வீழ்த்தியது இதுதான். பெட்டி வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் திருப்பலாம் என்பது விற்றவர்களின் விதி. "நீங்கள் பிரிக்காதீர்கள், எங்கள் ஆள்தான் பிரிக்க வேண்டும்" என்றார்கள். அந்த ஆள் வந்தது ஒன்பதாம் நாள். பட்டை குட்டை என்று அன்றுதான் தெரிந்தது. கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, கெடு பெட்டி வந்த நாளிலிருந்தா, பொருத்திய நாளிலிருந்தா என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டி வந்த நாளிலிருந்து என்றால், மறுநாளே ஆள் வருமாறு முன்பதிவு செய்யுங்கள். மூன்றாம் நாள் வரை வராவிட்டால் அன்றே புகார் எண் வாங்கிவிடுங்கள்.

பெட்டி இறங்கும்போது நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிரிப்பதை முதல் கத்தி வெட்டிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள், இவை இல்லாவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார்கள். பொருத்துபவர் கிளம்புமுன் உங்கள் வீட்டில் அதிக எடையுள்ளவர் பத்து நிமிடம் நடந்து காட்டட்டும். அதன் பிறகே கையொப்பம்.

ஒரு உறையில் இவை இருக்க வேண்டும்: மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் உள்ள ஜி.எஸ்.டி. ரசீது, தேதியும் முத்திரையும் இட்ட உத்தரவாத அட்டை, பொருத்தியதற்கான சீட்டு, இணையப் பதிவின் நகல், கையேடு. ரசீதில் உள்ள வரிசை எண்ணும் இயந்திரத் தகட்டில் உள்ளதும் ஒன்றா என்று அன்றே ஒப்பிடுங்கள்.

தகராறு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் 13,000 ரூபாயை அப்படி விட்டிருக்கமாட்டேன்.

12. முதல் மாதம்

உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. ஆனால் முதல் வாரமே அரை மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம், மணிக்கு 3 கி.மீ. என்று தொடங்குங்கள். பாதப்படியில் நின்று, பட்டை ஓடத் தொடங்கிய பிறகே கால் வையுங்கள். இறங்கும்போது முழுதாக நின்ற பிறகு.

வீட்டில் குழந்தை இருந்தால், நடந்து முடித்ததும் பாதுகாப்புச் சாவியை எடுத்து அலமாரியில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். ஓடும் பட்டைக்கும் சட்டத்துக்கும் இடையில் பிஞ்சு விரல்கள் போகும். நடப்பவருக்குப் பின்னால் குழந்தை வருவது அவருக்குத் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் எந்த நாளும் மறக்காதீர்கள்.

கையேட்டில் சொன்ன இடைவெளியில் பட்டைக்கு அடியில் சிலிக்கோன் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், துரு நீக்கும் தெளிப்பு எதுவும் கூடாது. பட்டையின் ஓரத்தைத் தூக்கி அடியில் விரலால் தடவினால் வழவழப்பு தெரிய வேண்டும். உலர்ந்திருந்தால் உராய்வு கூடி மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும், கட்டுப்பாட்டுப் பலகை எரிவது இப்படித்தான்.

பட்டை வலப்பக்கம் ஒதுங்கினால், பின்பக்க வலது போல்ட்டை ஆலன் கீயால் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ஆள் ஏறாமல் மெதுவாக ஓடவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. இடப்பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட். இதற்கு டெக்னீஷியனை அழைத்தால் 500 ரூபாய்க்குக் குறையாமல் கேட்பார்கள். எண்ணெய் விட்ட தேதியையும் போல்ட் திருப்பிய தேதியையும் உத்தரவாத அட்டையின் பின்புறம் பென்சிலால் குறித்து வாருங்கள். பராமரிப்புச் செய்தீர்களா என்று நிறுவனம் கேட்கும்போது காட்ட அந்தக் குறிப்பு உதவும்.